சர்நேம் இல்லாத ஊரில் டி.என்.ஏ. டெஸ்ட்

இந்த முறை கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் வம்பு.

காலேஜ் முடிந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வரும்போது ஆரம்பித்த பேச்சு இது. அத்திப்பட்டு வந்து நான் இறங்கும்வரை முடியவில்லை. தோழி ஒருத்தியின் சித்தப்பா அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி தபாலில் அனுப்பியிருக்கிறார். சில வாரத்தில் 'உங்கள் வம்சாவளி இதோ' என்று ஒரு படமும், தூரத்து உறவினர்கள் என்று ஒரு பட்டியலும் வந்திருக்கிறது. "நாமளும் எடுத்தா நம்ம பரம்பரை யாருன்னு தெரிஞ்சிடும்ல?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த இன்னொருத்தன் உடனே, "ஒரே பட்டப்பேர் உள்ளவங்க எல்லாம் சேர்ந்து எடுத்தா, ஒரே ரத்தம்னு நிரூபிச்சிடலாம்" என்றான்.

முதல் கேள்வி ஆசை. இரண்டாவது கொஞ்சம் ஆபத்து. இரண்டுக்கும் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகிறது. எப்போதாவது ஒரு இடத்தில் ஒரு சின்ன மாற்றம் விழும். அந்த மாற்றமும் அதற்குப் பிறகு வரும் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரிடமும் தொடரும். இங்கிலாந்து மாதிரி நாடுகளில் குடும்பப் பெயரும் இதே வழியில்தான் போகிறது, அப்பாவிடமிருந்து மகனுக்கு. அப்படியானால் ஒரே குடும்பப் பெயர் உள்ள ஆண்களிடம் ஒரே மாதிரி ஒய் குரோமோசோம் இருக்கவேண்டும் இல்லையா?

ஆக்ஸ்போர்டில் பிரையன் சைக்ஸ் என்ற மரபியல் பேராசிரியர் இதைத் தன் பெயரை வைத்தே சோதித்துப் பார்த்தார். சைக்ஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட 48 ஆண்களின் மாதிரிகளை எடுத்தார். ஓடைக்கரையில் குடியிருந்தவனுக்கு வைத்த பெயர் அது. ஓடை எல்லா ஊரிலும்தான் இருக்கும், அதனால் பல மூதாதைகள் இருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 2000-இல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. ஏறக்குறைய பாதிப்பேர் ஒரே வகை ஒய் குரோமோசோம் வைத்திருந்தார்கள். பல நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த ஒரே ஆளின் வாரிசுகள்! அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. என்ற கம்பெனி ஆரம்பித்தது. ஒரே சர்நேம் உள்ளவர்கள் கூட்டாகச் சேர்ந்து டெஸ்ட் எடுக்கும் பழக்கம் அதன் பிறகு பெரிதாகப் பரவியது.

2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்துப் பார்த்தார்கள். அபூர்வமான பெயர் என்றால் ஒரே மூதாதை இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஸ்மித் மாதிரி ஊரெல்லாம் இருக்கிற பெயர் என்றால், ரோட்டில் போகிற யாரோ இரண்டு பேரை நிறுத்திப் பார்த்த மாதிரிதான். ஸ்மித் என்றால் கொல்லன். கொல்லுப்பட்டறை இல்லாத ஊர் எது?

இந்த ஸ்மித் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நமக்குத்தான் சர்நேமே கிடையாதே! முருகன் மகன் எம். செல்வம். செல்வம் மகன் எஸ். கார்த்திக். கார்த்திக் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் சர்நேம் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு, வெளிநாட்டில் 'மிஸ்டர் செல்வம்' ஆகிவிடுவான். அவன் மகனுக்கு அது கார்த்திக் ஆகிவிடும். நம் வழக்கத்தில் ஒரு 'குடும்பப் பெயரின்' ஆயுசு ஒரே ஒரு தலைமுறை. 'செல்வம் சர்நேம் ப்ராஜெக்ட்' என்று ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் வரிசையில் நிற்பார்கள், ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் சம்பந்தம் இருக்காது :-)

ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் ஒன்று இருந்தது. முதலியார், பிள்ளை, நாயக்கர், கவுண்டர் என்று. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அந்த வாலை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பெரியாரே தன் பெயரிலிருந்த 'நாயக்கர்' பட்டத்தை விட்டார். மற்ற மாநிலத்துக்காரர்கள் இன்னும் பெயரிலேயே ஜாதியைச் சுமந்துகொண்டிருக்க, நம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் படித்தால் யார் என்ன ஜாதி என்று தெரியாது. (பெயரில் போனது மனதில் போகவில்லை என்பது தனிக்கதை.)

ரயிலில் அந்த நண்பன் சொன்ன 'ஒரே பட்டப்பேர், ஒரே ரத்தம்' என்பதை இப்போது ஸ்மித்தோடு வைத்துப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் நாயக்கர் என்றால் பெரும்பாலும் வன்னியர். தெற்கே போனால் அதே பட்டம் தெலுங்கு பேசும் சமூகங்களைக் குறிக்கும். பிள்ளை என்ற பட்டத்தைப் போட்டுக்கொண்ட ஜாதிகளை எண்ண ஒரு கை விரல் போதாது. பட்டம் என்பது மரியாதைக்கு வைத்தது, பதவிக்கு வைத்தது, சில சமயம் தானாக எடுத்துக்கொண்டது. ஒரு தாத்தாவிடமிருந்து கிளை பிரிந்து வந்தது இல்லை.

சர்நேம் உள்ள தமிழர்களே இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். இரண்டு கூட்டம் எனக்குத் தெரியும். இரண்டு கதையும் கடலோடு சேர்ந்தது.

முதல் கூட்டம் தூத்துக்குடி முத்துக்குளித்துறைப் பரதவர்கள். 1530-களின் நடுவில் ஆயிரக்கணக்கில் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார்கள். ஞானஸ்நானத்தோடு போர்த்துக்கீசியப் பெயர்களும் வந்தன. பெர்னாண்டோ, கோஸ்தா, மோத்தா, ரோச், கொரைரா, மச்சாது. இன்றுவரை அவை குடும்பப் பெயர்களாக அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகின்றன. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இரண்டு பெர்னாண்டோவைப் பார்த்தால் பங்காளிகள் என்று நினைப்பார். அவர்களில் ஒருவர் லிஸ்பனில் இருக்கும் பெர்னாண்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்க டெஸ்ட் எடுத்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஊற்றியபோது வந்த பெயர் அது. ரத்தத்தில் அதைத் தேடுவது வீண் வேலை.

இரண்டாவது கூட்டம் நம் வாசலிலிருந்தே கிளம்பியது. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு கிளம்பி, நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்தது. இன்றைக்குச் சரக்குப் பெட்டி லாரிகள் வரிசைகட்டி நிற்கும் துறைமுகம் அப்போது கட்டப்படவே இல்லை. கரையிலிருந்து மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏறவேண்டும். 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். அதில் பெரும்பாலோர் மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறியவர்கள்.

அங்கே சர்நேம் இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஜாதிப் பட்டங்கள் சர்நேம் ஆயின. பிள்ளை 'பில்லே' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், படையாச்சி ஏறக்குறைய அப்படியே இருந்தார். சிலருக்குத் தாத்தாவின் பெயரே, முனுசாமியோ பெருமாளோ, நிரந்தரக் குடும்பப் பெயரானது. ஆறேழு தலைமுறை கழித்து ஒரு மூட்லி தன் வேரைத் தேடுகிறார். டர்பனிலுள்ள எல்லா மூட்லிகளும் எச்சில் துப்பினாலும் கிடைப்பது ஸ்மித் கதைதான். வேறு வேறு ஊர், வேறு வேறு தாத்தா.

ஆனால் அவருக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. காகிதம்! நேட்டாலுக்குப் போன ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதினார்கள். வரிசை எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளம்தான். ஆனால் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் கிராமத்தைக் கண்டுபிடிப்பது அந்தப் பட்டியலிலிருந்துதான். வெள்ளைக்காரன் மாடு எண்ணுகிற மாதிரி எழுதிவைத்தது, டி.என்.ஏ. சொல்லமுடியாத ஊர்ப் பெயரைச் சொல்கிறது.

"சரி, பட்டத்தை விடு. நம்மகிட்ட கூட்டம், கோத்திரம், குலதெய்வம் எல்லாம் இருக்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொங்கு வேளாளர்களுக்குக் கூட்டம் இருக்கிறது. நகரத்தார்களுக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோவில் பிரிவு. வட சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு 'இன்டி பேரு' இருக்கிறது. எங்கள் வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் அனல்மின் நிலையம், துறைமுகம், கம்பெனி வேலை என்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் ஏராளம். "சொந்த ஊர் எது?" என்றுதான் முதல் கேள்வியே வரும். அவர்களிலும் தெற்கத்திக் குடும்பங்கள் மகா சிவராத்திரிக்கு பஸ் பிடித்துக் குலதெய்வம் கோவிலுக்குப் போய்விடும். ஏன், 'பங்காளி' என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதைத்தான் அந்தக் கம்பெனிகள் காசு வாங்கிக்கொண்டு கண்டுபிடித்துத் தருகின்றன. யார் வீட்டில் சாவு விழுந்தால் யாருக்கெல்லாம் தீட்டு என்று பாட்டியைக் கேட்டால், ஒய் குரோமோசோம் லிஸ்ட் இலவசமாக வந்துவிடும்.

அதனால், கூட்டம் கூட்டமாக டெஸ்ட் எடுத்தால் பட்டத்தைவிட நிச்சயம் அதிகமாகப் பொருந்தும் என்றுதான் நானும் நினைக்கிறேன். என் கவலை பொருந்தாதவர்களைப் பற்றியது.

சைக்ஸின் 48 பேரிலேயே பாதிப்பேர் பொருந்தவில்லையே, கவனித்தீர்களா? தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை இடத்தில் சங்கிலி அறுந்தாலே இருபது தலைமுறையில் அவ்வளவு சேர்ந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். அறுவதற்குக் காரணம் பல. சுவீகாரம். அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்த்தது. வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாமனார் பெயரை எடுத்துக்கொண்டது. நகரத்தாரிடம் சுவீகாரம் ஊரறிந்த வழக்கம், அதற்குச் சடங்கே இருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை சுவீகாரப் பிள்ளை பிள்ளைதான். ஆனால் எச்சில் குழாய்க்கு அந்தச் சடங்கு தெரியாது. 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லும்.

அப்படி ஒரு ரிசல்ட் வந்தால் ஊர் யாரைப் பார்க்கும்? எந்தத் தாத்தாவையும் பார்க்காது. செத்து எழுபது வருடம் ஆன ஒரு கொள்ளுப்பாட்டியைப் பார்க்கும். பதில் சொல்ல அவள் இருக்கமாட்டாள். நூறு வருடத்துக்கு முன் நடந்திருக்கக்கூடிய ஆயிரம் நல்ல காரணங்களை விட்டுவிட்டு, நம் ஆட்கள் பிடித்துக்கொள்ளப் போவது ஒரே ஒரு காரணத்தைத்தான். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காதலித்தவர்களை வெட்டிப்போடுகிற மண்ணில் 'சுத்த ரத்தம்' சர்டிபிகேட் கொடுக்கிற ஒரு கருவியை விளையாட்டாக இறக்கிவிடக்கூடாது.

இன்னொன்று, நான் ஒரு பெண். என்னிடம் ஒய் குரோமோசோமே கிடையாது. இந்த சர்நேம் ப்ராஜெக்ட் எதிலும் நான் சேரமுடியாது. அப்பாவையோ அண்ணனையோ துப்பச் சொல்லவேண்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் எனக்கு 1024 மூதாதைகள் இருக்கவேண்டும் (நம் ஊரில் சொந்தத்திலேயே கட்டிக்கொள்வதால் கொஞ்சம் குறையும்). அதில் அப்பாவின் அப்பாவின் அப்பா என்று போகும் ஒரே கோடு ஒரே ஒரு ஆளிடம் போய் நிற்கும். அவர்தான் 'என் பரம்பரை' என்றால் மீதி 1023 பேர் யார்? சமையல் செய்து போட வந்தவர்களா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளத்தைக் கண்டுபிடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது. மிகப்பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது 'முதல் இந்தியர் கண்டுபிடிப்பு' என்று பரவியது. அதே எம்130 ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் இருக்கிறது. அதன் இன்னொரு கிளை மங்கோலியாவில் நிறைய இருக்கிறது. அந்தக் கிராமத்து மனிதருக்கும் பத்துத் தலைமுறை பின்னால் ஆயிரம் மூதாதைகள்தான். எம்130 அதில் ஒரே ஒரு கோட்டின் கதை. அதை ஒரு ஜாதியின் பட்டயமாக்கினால் அறிவியலுக்கும் அவமானம், அந்த மனிதருக்கும் அவமானம்.

ஆராய்ச்சிகள் சொல்லும் பெரிய கதை வேறு. 2013-இல் ப்ரியா மூர்ஜானியும் ஹைதராபாத் சிசிஎம்பி-யின் தங்கராஜ் உள்ளிட்டவர்களும் வெளியிட்ட ஆய்வு 70-க்கும் மேற்பட்ட இந்தியக் குழுக்களைப் பார்த்தது. சுமார் 4200 வருடத்திலிருந்து 1900 வருடம் முன்புவரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்குள்ளேயே கல்யாணம் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். ஆதியிலிருந்தே நாங்கள் தனி என்று யார் சொன்னாலும், அவர் உடம்பே அதை மறுக்கிறது.

கதவைச் சாத்தியதற்கு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வு, பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சிறிய மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகியவை என்றது. அதனால் சில பரம்பரை நோய்கள் அந்தந்தக் குழுவில் அதிகம். ஆர்ய வைசியர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்து ஒத்துக்கொள்ளாது. விளைவு நீண்ட நேரம் நீடிக்கும். இதைத் தெரிந்துகொள்ள டெஸ்ட் எடுங்கள், நானே வரவேற்பேன். பெருமைக்கு எடுப்பதற்கும் பிழைப்பதற்கு எடுப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

தோழி கேட்ட 'தூரத்து உறவினர் பட்டியல்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது ஒய் குரோமோசோமை மட்டும் பார்ப்பதில்லை, மொத்த டி.என்.ஏ.விலும் ஒத்துப்போகிற துண்டுகளைக் கணக்கிட்டு 'இவர் உங்களுக்கு இத்தனையாவது கசின்' என்று சொல்லும். ஆனால் மாமன் மகளையும் அக்காள் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நம் ஊருக்கு இந்தக் கணக்கு தடுமாறும். ஒரே ஆள் மூன்று வழியில் சொந்தமாக இருந்தால், தூரத்துச் சொந்தம் கிட்டத்துச் சொந்தம் மாதிரி தெரியும். தவிர, நம் எச்சில் அந்தக் கம்பெனியிடமே இருக்கும். 23அண்ட்மீ என்ற பெரிய கம்பெனியிலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. இந்தியாவில் டி.என்.ஏ. தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்த 2019-இல் மக்களவையில் கொண்டுவந்த மசோதாவும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. நான் துப்பினால் என் விவரம் மட்டும் போகாது. என் தம்பி, என் அத்தை, இன்னும் பிறக்காத என் பிள்ளை எல்லோருடையதும் கொஞ்சம் கொஞ்சம் போகும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அப்படியென்றால் யாருமே எடுக்கக்கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். 1990-களின் கடைசியில் நம் வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் ஏழைகளின் குழந்தைகள் தெருவிலிருந்து கடத்தப்பட்டு, பொய்க் காகிதத்தோடு வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். 2005-இல் இது வெளியே வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். இங்கே ஒரு பெற்றோர், டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிடச் சொல்லி நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். தோட்டக்காட்டுக்குப் போனவர்களின் கதைக்கு நேர் எதிர் இது. அங்கே டி.என்.ஏ. தடுமாறும் இடத்தில் காகிதம் உண்மை சொன்னது. இங்கே காகிதம் பொய் சொன்னது, டி.என்.ஏ. ஒன்றுதான் சாட்சி. தொலைந்த பிள்ளையைத் தேடும் தாய்க்கும், தாயைத் தேடும் பிள்ளைக்கும் இந்த டெஸ்ட் மலிவாக, முடிந்தால் இலவசமாக, கிடைக்கவேண்டும். அரசாங்கம் செலவு செய்யவேண்டிய இடம் அது.

ஆக, ரயிலில் கேட்ட இரண்டு கேள்விக்கும் என் பதில் இதுதான். பரம்பரை தெரியவேண்டும் என்று ஆசைப்படும் தோழிக்கு: முதலில் ஒரு நோட்டு வாங்கு. ஆயாவை உட்காரவைத்து, அவர் அம்மா பெயர், அந்த அம்மாவின் அம்மா பெயர், அவர்கள் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர், எல்லாவற்றையும் எழுது. தாத்தாக்கள் பெயர் இனிஷியலிலாவது ஒரு தலைமுறை நிற்கிறது. பாட்டிகள் பெயர் எங்குமே நிற்பதில்லை. எந்தக் கம்பெனியும் அதைக் கண்டுபிடித்துத் தராது. ஆயா போய்விட்டால் அதுவும் போச்சு.

'ஒரே பட்டம், ஒரே ரத்தம்' என்று சொன்ன நண்பனுக்கு: டெஸ்ட் எடுத்தால் நீ நினைப்பது பொய் என்றுதான் வரும், அதனால் காசை மிச்சப்படுத்து. 1929-இல் பெரியவர்கள் கஷ்டப்பட்டு வெட்டிய வாலை, எச்சில் தொட்டு ஒட்டவைக்கப் பார்க்காதே.